மதுரை முற்றுகை, 1763–64: கோட்டைக்கு வெளியே கிடந்த சிப்பாயின் நாள் எப்படிக் கழிந்தது?

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டி எஞ்சி நிற்கும் பழைய கோட்டைக் கொத்தளத்தைக் கடந்துதான் நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறேன். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைக்குள் நின்று போரிட்ட கம்மந்தான் (படைத்தலைவர்) கான்சாகிபு நினைவுக்கு வருகிறார். அவர் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தது முதல் 1764 அக்டோபர் 15 அன்று சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டது வரை நாம் பலமுறை பேசிவிட்டோம்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அவரைப் பிடிப்பதற்காக ஓராண்டுக்கு மேல் இந்த ஊரைச் சுற்றிக் கிடந்த சிப்பாய்கள் எதைத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள், மழை பெய்தபோது என்ன செய்தார்கள் என்று யாருமே எழுதுவதில்லை. அவரைப் பற்றிய கதைப்பாடலில் கூடப் பெரிய மனிதர்கள்தாம் பேசுகிறார்கள். தெப்பக்குளத்துப் பக்கம் கூடாரம் போட்டுக் கிடந்த ஒரு சாதாரண ஆளின் ஒரு நாளைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அறிந்தவர்கள் எழுதுங்கள். வீரமா துரோகமா என்ற வழக்கு இந்த இழையில் வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

திருமங்கலம் தமிழாசிரியர் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. முதலில் காலத்தை வரையறுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு எளிதாக இருக்கும். 1763 செப்டம்பரில் மான்சன், பிரஸ்டன் ஆகியோரின் தலைமையில் கும்பினி எனப்பட்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும், ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் படையும் மதுரைக்கு வந்தன. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை அவர்களை அடித்துத் துவைத்ததால் நவம்பரில் முற்றுகை முறிந்தது. பின்னர் மேஜர் சார்லஸ் கேம்பல் பொறுப்பேற்று, 1764 ஜூன் 26 அன்று, அதாவது ஆனி மாத நடுவில், மதிலேறித் தாக்கச் செய்தார். அதுவும் தோற்றது. அதன்பிறகு உள்ளே ஒரு மூட்டை நெல்லும் போகாதபடி வழிகளை அடைத்துக் காத்திருந்தார்கள். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் வேளையில், அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்த கான்சாகிபை அவருடைய ஆட்களே பிடித்துக் கட்டினார்கள்.

ஆகவே நீங்கள் கேட்கும் சிப்பாய் இரண்டு ஐப்பசிகளைக் கண்டவன்; முதல் ஐப்பசி முழுவதையும் சேற்றில் கழித்தவன்.

ஒரு சொல்லையும் கவனியுங்கள். 'பாளையம்' என்றால் இன்று நமக்கு ஊர்ப் பெயரின் வால். அன்று அது படை இறங்கிய இடம். 'பாளையம் இறங்கினார்கள்' என்று எழுதினால், கூடாரம், கடைவீதி, மாட்டுக் கொட்டில், சமையல் புகை, பெண்டு பிள்ளை எல்லாம் சேர்ந்த ஒரு நகரும் ஊர் வந்து இறங்கியது என்றே பொருள். படையாட்களைவிடக் கூட வந்தவர்களின் எண்ணிக்கை மிகுதியாக இருப்பதுதான் அந்த நூற்றாண்டின் வழக்கம்.

மேலூர் ஹவில்தார் (ஓய்வு) எழுதியது:

நான் வரலாறு படித்தவன் அல்லன். இருபத்து நான்கு ஆண்டுகள் காலாட்படையில் இருந்தவன். ஆனால் முகாம் என்பது முகாம்தான். துப்பாக்கி மாறும், பசி மாறாது. அந்தக் காலத்துப் போர்முறையைப் பற்றிப் படித்ததையும், என் உடம்பு அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தச் சிப்பாயின் நாள் காலையில் தொடங்கவில்லை, இரவில் தொடங்கியது. முற்றுகையில் குழி வெட்டும் வேலை எல்லாம் இருட்டில்தான் நடக்கும். பகலில் தலையைக் காட்டினால் கொத்தளத்திலிருந்து குண்டு வரும். பொழுது சாய்ந்ததும் ஒரு கூட்டம் மண்வெட்டியோடு முன்னே போகும். இன்னொரு கூட்டம் துப்பாக்கியோடு அவர்களுக்குக் காவலாகப் படுத்துக் கிடக்கும். நேராக வெட்டினால் மதில்மேல் இருப்பவன் நீளவாட்டில் சுட்டுவிடுவான் என்பதால், பாம்பு போவதுபோல் வளைத்து வளைத்து வெட்டிக்கொண்டே மதிலை நெருங்குவார்கள். மூங்கிலாலும் மிலாறாலும் அடியில்லாத பெரிய கூடைகளைப் பின்னி, வெட்டின மண்ணை அவற்றில் கொட்டி வரிசையாக நிறுத்தினால் அதுதான் அரண். இந்தக் குழிகளுக்கு அக்காலத்துப் படைகளில் வழங்கிய பெயர் மோர்ச்சா. நாங்களும் அதே சொல்லைத்தான் சொன்னோம்.

விடியும்போது ஆள் மாறும். இரவெல்லாம் குழியில் இருந்தவன் பாளையத்துக்குத் திரும்புவான். திரும்பியதும் அவன் செய்யும் முதல் வேலை சாப்பிடுவது என்று நினைப்பீர்கள். அன்று துப்பாக்கியைத் துடைப்பதுதான் முதல் வேலை. ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை, முக்கால் அங்குல வாய், சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கும் துப்பாக்கி அது. மருந்தும் குண்டும் காகிதத்தில் சுருட்டிய தோட்டாவாக இடுப்புப் பெட்டியில் இருக்கும். காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, சிறிது மருந்தைக் கிண்ணத்தில் இட்டு, மீதியைக் குழலில் கொட்டிக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். தேர்ந்தவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். கருமருந்து எரிந்தால் குழலுக்குள் கரிப்பசை படியும். அதை அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் மறுநாள் துரு ஏறும். கல் மழுங்கினால் மாற்ற வேண்டும், மருந்து நனைந்தால் கொட்ட வேண்டும். தோட்டாவைக் கடித்துக் கடித்து உதடும் நாக்கும் வெடியுப்புக் கரித்துக் கிடக்கும். அந்த வாயோடுதான் அவன் கஞ்சியைக் குடித்தான்.

அடுத்து சோறு. கும்பினிச் சிப்பாய்க்குப் பொதுச் சமையற்கூடம் கிடையாது. அவன் தன் சம்பளத்திலும், போர்க்களத்தில் சேர்த்துக் கொடுக்கப்படும் படியிலும் இருந்து பாளையத்துக் கடைவீதியில் அரிசி வாங்கி, தன் கூட்டத்தாரோடு தனிப்பானையில் பொங்கித் தின்றான். தெலுங்கர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பலரும் கலந்த படையில் அடுப்பு மட்டும் பலவாக இருந்தது. சம்பளம் தாமதமானால் கடன். அரிசி வண்டி வராவிட்டால் விலை ஏறும். விலை ஏறினால் அவன் சோற்றைக் குறைத்துக் கஞ்சியாக்குவான். மதுரைக்கு அரிசி திருச்சிப் பக்கத்திலிருந்து வர வேண்டும். வழியில் நத்தம் கணவாயும், எங்கள் மேலூர்க் கள்ளர் நாடும் இருக்கின்றன. ஒரு பொதிமாட்டு வரிசை வந்து சேர்ந்த அன்றைய இரவு பாளையத்தில் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். எங்கள் லாரி பனிச்சரிவைத் தாண்டி ஒன்பது நாள் கழித்து வந்தபோது, ஒரு மூட்டை வெங்காயத்தைச் சுற்றி நின்று நாங்கள் சிரித்த சிரிப்பை என் மனைவியிடம்கூட விளக்க முடிந்ததில்லை.

கூடல்நகர் இளையவன் எழுதியது:

ஹவில்தார் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் ஓர் ஐயம். இந்தக் குழுவில் சிலர் இதை உள்நாட்டுப் போர் என்று வகைப்படுத்துகிறார்கள். வெள்ளையனின் கும்பினி ஒரு பக்கம், நம் மண்ணின் மைந்தன் ஒரு பக்கம். இதில் உள்நாட்டுப் போர் எங்கே வந்தது?

திருமங்கலம் தமிழாசிரியர் எழுதியது:

மேலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. குழிக்குள் இருந்து பார்த்தால் வேறு விதமாகத் தெரியும்.

கான்சாகிபு கும்பினிச் சிப்பாய்களின் கம்மந்தானாக இருந்தவர். 1753, 1754ஆம் ஆண்டுகளில் திருச்சிக் கோட்டை முற்றுகைக்கு ஆளாகிக் கிடந்தபோது, தொண்டைமான் நாட்டுக் காடுகளின் வழியே இரவோடு இரவாக அரிசி வரிசைகளைக் கொண்டுவந்து சேர்த்துப் பெயர் எடுத்தவர். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை சென்னையை முற்றுகையிட்டபோது, அவருக்கு வந்த தானியத்தையும் மாடுகளையும் வெளியிலிருந்து மறித்து அலைக்கழித்தவர்களும் இரண்டு பேர்: ஒருவர் கான்சாகிபு, மற்றவர் கேப்டன் பிரஸ்டன். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பிரஸ்டன் மதுரை மதிலைத் தாக்க வந்து, ஜூன் 26 அன்று பட்ட காயத்தால் இறந்தார். மதிலுக்குள் இருந்தவர் கான்சாகிபு.

தளபதிகளுக்கே இப்படி என்றால் சிப்பாய்களை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருந்தவர்களில் பலர் கும்பினியின் கவாத்தை, அதாவது படைப்பயிற்சியை, கற்றவர்கள். வெளியே இருந்தவர்களில் பலர் கான்சாகிபின் கீழ் முன்பு நின்றவர்கள். உள்ளே மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரரும் அவருடைய ஆட்களும் இருந்தார்கள், பிரெஞ்சுக் கொடி பறந்தது என்பது உண்மைதான். வெளியேயும் வெள்ளையர் பிரிவுகள் இருந்தன. எனினும் இரு பக்கமும் எண்ணிக்கையில் மிகுந்திருந்தவர்கள் நம் ஊர்க்காரர்களே. ஒரே அதட்டலுக்கு ஒரே மாதிரி துப்பாக்கியைத் தோளில் ஏற்றியவர்கள் மதிலுக்கு இரு பக்கமும் இருந்தால், அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? திருச்சியில் அரிசி கொண்டுவந்து ஒரு கோட்டையைக் காப்பாற்றியவர், மதுரையில் அரிசி இல்லாமல் ஒரு கோட்டையை இழந்தார். இதை நான் வகுப்பில் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் என் தொண்டை அடைக்கிறது.

விரகனூர் விவசாயி எழுதியது:

மழையைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அதை நான் சொல்கிறேன்.

தெப்பக்குளத்துக்கும் எங்கள் ஊருக்கும் இடையே உள்ள நிலம், ஆற்றுப் படுகையை ஒட்டிய வண்டல் நிலம். சித்திரையில் கடப்பாரை போட்டால்தான் பெயரும். ஐப்பசியில் அடைமழை மூன்று நாள் பிடித்தால் அதே மண் காலை விடாது. நான் சென்ற ஆண்டு மோட்டார் கொட்டகைக்கு இடுப்பளவு குழி எடுத்தேன். மாலையில் வெட்டி முடித்தது, இரவு பெய்த மழையில் ஒரு பக்கச் சுவர் அப்படியே வழுகி உள்ளே உட்கார்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தபோது குழியில் முழங்கால் அளவு தண்ணீர். அதன்மேல் தவளை முட்டை மிதந்தது. அடியிலிருந்தும் ஊறியது, மேலிருந்தும் பெய்தது. இறைக்க இறைக்க நின்றுகொண்டே இருந்தது.

மதிலை நெருங்க வளைத்து வளைத்து வெட்டிய குழிகள் ஐப்பசியில் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பீரங்கி வண்டியின் சக்கரம் அச்சு வரை புதையும். மாடு முட்டி போட்டுப் படுத்துக்கொள்ளும், எழுப்ப முடியாது. ஈர வைக்கோலைத் தின்ற மாட்டுக்கு வயிறு ஊதும். விறகு நனைந்தால் அடுப்பு பற்றாது, அடுப்பு பற்றாவிட்டால் ஊறப்போட்ட அரிசியைத்தான் மெல்ல வேண்டும். ஆள் காலுக்குச் சேற்றுப்புண். விரலிடுக்கு வெந்து வெளுத்து, நடந்தால் உயிர் போகும். நாங்கள் நாற்று நடவின்போது மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டு ஒரு நாள் காலை உலர வைப்போம். குழியில் நின்றவனுக்கு அந்த ஒரு நாள் எப்படிக் கிடைத்திருக்கும்?

மான்சனின் படை நவம்பரில் பின்வாங்கியதைச் சிலர் கான்சாகிபின் வெற்றி என்று மட்டும் எழுதுகிறார்கள். அவருடைய திறமையை நான் குறைக்கவில்லை. வைகையும் ஐப்பசியும் அவரோடு சேர்ந்து நின்றன என்பதையும் எழுத வேண்டும்.

வைகைக்கரையான் எழுதியது:

விவசாயி ஐயா, இதைப் படித்த பிறகு கீழமாரட் வீதியில் மழைநீர் தேங்கி நின்றதைப் பார்த்தபோது வேறு மாதிரி தோன்றியது. 1840களை ஒட்டி ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்தவைதாமே வெளி வீதிகளும் மாரட் வீதிகளும். அன்று சிப்பாய் தாண்ட முடியாமல் நின்ற தண்ணீரின்மேல்தான் இன்று ஆட்டோ நிற்கிறது.

சம்மட்டிபுரத்து மகள் எழுதியது:

நான் சம்மட்டிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். கான்சாகிபு அடக்கத்தலத்துக்குப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போனவள். இத்தனை பேர் எழுதியதில் பெண்களைப் பற்றி ஆசிரியர் ஐயா ஒரே ஒரு சொல் சொன்னார், 'பெண்டு பிள்ளை' என்று. அதைச் சற்று விரித்துச் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள்.

சென்னைப் படையின் சிப்பாய்கள் குடும்பத்தோடு நகர்ந்தவர்கள். மதுரைப் பாளையத்தில் நெல் குத்தியது யார்? விடியற்காலையில் குழியிலிருந்து திரும்புகிறவனுக்கு வெந்நீர் வைத்தது யார்? கோடையில் வைகை வறண்டு கிடக்கும்போது மணலில் ஊற்றுத் தோண்டி, தெளியும் வரை காத்திருந்து, சிரட்டையால் ஒவ்வொரு சிரட்டையாக மொண்டு குடம் நிரப்பிய கைகள் யாருடையவை? என் பாட்டியின் காலம் வரை எங்கள் தெருப் பெண்கள் அப்படித்தான் தண்ணீர் எடுத்தார்கள். ஒரு குடம் நிரம்ப ஒரு நாழிகை ஆகும் என்பார். முற்றுகையின் ஒரு நாளை எழுதும்போது அந்த நாழிகையும் அந்த நாளில் சேர வேண்டும்.

கோட்டைக்கு உள்ளேயும் பெண்கள் இருந்தார்கள். ஆனித் தாக்குதல் தோற்ற பிறகு வெளியே இருந்தவர்கள் சுடுவதைக் குறைத்துவிட்டுப் பாதையை அடைத்தார்கள் என்று ஆசிரியர் எழுதினார். பாதையை அடைப்பது என்றால் உள்ளே இருக்கும் தாயின் பானையை அடைப்பது. அந்த அடைப்பில் பாரா நின்ற சிப்பாய்க்கும் அது தெரிந்திருக்கும், ஏனென்றால் அவனுக்கும் பின்னால் ஒரு பானை இருந்தது.

மேலூர் ஹவில்தார் (ஓய்வு) எழுதியது:

சகோதரி எழுதியது முழு உண்மை. அந்தக் கடைசி மூன்றரை மாதங்களைப் பற்றியும் சிறிது சொல்கிறேன், ஏனென்றால் சிப்பாய்க்கு மிகக் கொடியது அதுதான்.

தாக்குதல் நாளில் பயம் இருக்கும், ஆனால் பொழுது ஓடிவிடும். அடைப்பில் பொழுது நகராது. இரவு பாராவில் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். நாய் குரைத்தால் ஏன் குரைக்கிறது என்று எண்ணுவோம், குரைப்பு நின்றால் ஏன் நின்றது என்று எண்ணுவோம். இருளில் யாரோ ஊர்ந்து வருகிறார்கள். அவன் அரிசி கடத்துகிறவனா, ஓடி வருகிற பழைய கூட்டாளியா, ஒற்றனா என்று அழைத்துக் கேட்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். மதில்மேலிருந்து வரும் குரல் நம் மொழியிலேயே, நம் ஊர்ப் பேச்சிலேயே வந்தால் அந்த முடிவு இன்னும் கடினம். வேற்று நாட்டுக்காரனுக்கு எதிரே நின்ற எனக்கு அந்தக் கொடுமை நேரவில்லை. அதற்காக நான் அழகர் மலையானுக்கு நன்றி சொல்கிறேன்.

குண்டு பட்டுச் செத்தவனைவிடக் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவன் அதிகம் என்பது அந்தக் காலத்துப் படைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆயிரக்கணக்கான ஆட்களும் மாடுகளும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் குளத்துத் தண்ணீர் என்ன ஆகும்? திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளம் சாமி மிதந்து வரும் குளம். அதன் கரையில்தான் துணி துவைத்திருப்பார்கள், மாடு குளிப்பாட்டியிருப்பார்கள். வயிற்றுக்கடுப்பு வந்தவன் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காதவனைத் தேடிப் போவார்கள். சிலர் கூடாரத்திலேயே விறைத்துக் கிடப்பார்கள், சிலர் ஊருக்கு ஓடிப் போயிருப்பார்கள்.

கூடல்நகர் இளையவன் எழுதியது:

என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆசிரியர் ஐயாவுக்கு இன்னொன்று: நம் பழைய பாட்டுகளில் இப்படிப்பட்ட பாளையத்து மழை வருகிறதா?

திருமங்கலம் தமிழாசிரியர் எழுதியது:

நெடுநல்வாடையில் வருகிறது. கூதிர்ப் பாசறை, அதாவது குளிர்காலப் படைமுகாம், என்றே அதற்குப் பெயர். ஐப்பசி, கார்த்திகையின் குளிரில் பாண்டியன் பாசறையில் இருக்கிறான். நள்ளிரவு, வாடைக் காற்றில் விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்கின்றன. தூறலில் குடை பிடிக்கப்பட, அவன் உறங்காமல் சிலரோடு நடந்து, புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு போகிறான். சேறும் அதில் வருகிறது, சேணம் களையாத குதிரைகள் உடல் மேல் விழும் துளிகளைச் சிலிர்த்து உதறுவதும் வருகிறது. அரசனின் பெருமையைச் சொல்ல வந்த புலவன்கூட அந்த நனைந்த குதிரையை விட்டுவிடவில்லை. 1763ஆம் ஆண்டின் கூதிரில் மதுரையைச் சுற்றி அதே வாடைதான் வீசியது.

மேலூர் ஹவில்தார் (ஓய்வு) எழுதியது:

வைகைக்கரைத் தம்பிக்கு ஒரு வேலை சொல்கிறேன். மழை பெய்கிற இரவில், தெப்பக்குளத்திலிருந்து கீழவாசல் வரை ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். கை மாற்றலாம், கீழே வைக்கக் கூடாது. பிறகு வந்து எழுதுங்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

ஐயா, நேற்று இரவு நடந்தேன். மதியமே பிடித்த மழை ஒன்பது மணிக்குத் தூறலாகியிருந்தது. அரிசிப் பையைப் பாலித்தீனில் சுற்றிக்கொண்டு குளத்தின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டேன். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. காமராசர் சாலையில் பாதி வருவதற்குள் வலத்தோள் மரத்து, இடத்தோளுக்கு மாற்றினேன். அதன்பிறகு நான்கு எட்டுக்கு ஒருமுறை மாற்றுவதுபோல் ஆகிவிட்டது. செருப்பில் நீர் புகுந்து குதிகாலில் உரசியது. சாலையில் விளக்கு இருந்தது, சேறு இல்லை, என்னை நோக்கி யாரும் சுடவில்லை. நான் மனத்தில் கணக்கிட்டது தூரத்தை அன்று, பையை எப்போது இறக்கலாம் என்பதை மட்டுமே.

கீழவாசல் அருகே ஒரு தள்ளுவண்டியில் இட்லிச் சட்டியைத் திறந்தார்கள். ஆவி மழைக்குள் எழுந்து என் முகம் வரை வந்தது. பையை வைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்ததால், தோளில் வைத்தபடியே அந்த வண்டிக்கு எதிரே வெகுநேரம் நின்றேன். கடைக்கார அம்மா "என்னப்பா, சாப்பிடுறியா?" என்று கேட்ட பிறகுதான் இறக்கி வைத்தேன்.